கட்சி மாறும் வீட்டுக் கம்ப்யூட்டர்கள்

2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து, பத்து வருடம் வீட்டுக்கு வீடு ஓடிய மென்பொருள் அது. அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடவில்லை. மறுநாள் காலையிலும் தாணே நௌபாடாவில் வருமான வரிக் கணக்கு பார்த்தார்கள். செம்பூர் சேடா நகரில் பிள்ளைகள் ப்ராஜெக்ட் அடித்தார்கள். தாராவி 90 அடி ரோட்டு ஜெராக்ஸ் கடைகளில் ஆதார் பிரின்ட் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்குப் பல மாதம் முன்பிருந்தே லட்சக்கணக்கான வீடுகளின் திரையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தபடி இருந்தது: உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது.

அந்த அறிவிப்பு மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு புதுக் கேள்வியைக் கிளப்பியிருக்கிறது. 'எப்படியும் புதுசு வாங்கத்தான் வேணும்னா, அதே கம்பெனியையே ஏன் வாங்கணும்?'

கேட்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் இந்த நகரத்தில், வீட்டுக்கு எந்தக் கம்ப்யூட்டர் என்பதை வீட்டுக்காரர்கள் முடிவு செய்தது மிகக் குறைவு. தொண்ணூறுகளில் அதை முடிவு செய்தது லேமிங்டன் ரோடு. கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவுக்கு, 'தெரிஞ்ச பையன்' ஒருவரை அழைத்துக்கொண்டு போவார்கள். மதர்போர்டு ஒரு கடை, ராம் ஒரு கடை, கேபினெட் இன்னொரு கடை. சாயங்காலம் டாக்ஸியில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுங்கா திரும்பினால், அந்தப் பையனே விண்டோஸும் போட்டுக் கொடுத்துவிடுவார், பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமல். அதுதான் 'அசெம்பிள்டு சிஸ்டம்'. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் 'பிராண்டட்' வாங்கினார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான ஷிவ் நாடாரின் எச்சிஎல், மும்பையின் சொந்தத் தயாரிப்பான ஜெனித், விப்ரோ. சென்னைப் பக்கம் அதற்கு முன்பே சிவசங்கரனின் சிவா பிசி பெயர் வாங்கியிருந்தது. இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட இன்று வீட்டுக் கம்ப்யூட்டராகக் கடையில் பார்க்க முடியாது.

பிறகு லேப்டாப் காலம். அங்கேயும் தேர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆபீஸில் எது கொடுத்தார்களோ அது, அல்லது அத்தான் எதை வாங்கினாரோ அது. ஹெச்பி, டெல், லெனோவா என்று பெயர்ப் பலகை மாறினாலும் உள்ளே ஓடியது ஒரே விண்டோஸ். இன்றைக்கும் பெரும்பான்மை அதுதான். ஐடிசி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024-ல் இந்தியாவில் கடைக்கு வந்த கம்ப்யூட்டர்கள் சுமார் 1 கோடியே 44 லட்சம். அதில் ஏறக்குறைய 30 சதவீதம் ஹெச்பியுடையது. இதில் தமிழர்களுக்கு ஒரு சொந்தமும் உண்டு. டெல்லுக்கு 2007 முதலே ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை இருக்கிறது. லெனோவாவும் ஏசரும் புதுச்சேரியில் தயாரிக்கின்றன. தாணேயில் வாங்கிய லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால் ஊர்ப் பெயர் கண்ணில் படும்.

அப்படியிருக்க, இப்போது ஏன் மனசு மாறுகிறது?

கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது தலையெழுத்து

முதல் காரணம் விண்டோஸ் 11 போட்ட சுவர். 2021 அக்டோபரில் வந்த இந்தப் பதிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் இருந்தே ஆகவேண்டும் என்கிறது. கடவுச்சொல், பூட்டுச் சாவி போன்ற ரகசியங்களைத் தனியாகப் பத்திரப்படுத்தி வைக்கும் பகுதி அது. அதோடு, இன்டெல் ப்ராசஸர் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டர் எந்தத் தலைமுறை என்று பார்க்க ஆள் தேவையில்லை. 'திஸ் பிசி' மேல் ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் ப்ராசஸர் பெயர் வரும். 'ஐ5-7200யு' என்று இருந்தால், கோட்டுக்குப் பின்னால் வரும் 7 என்ற எண்தான் தலைமுறை. 'ஐ5-8250யு' என்றால் எட்டு. 2017-ன் கடைசியிலும் 2018-ன் தொடக்கத்திலும் இந்த இரண்டு ரகமும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் விற்றன. விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஏழை வாங்கியவர் இன்று வாசலுக்கு வெளியே நிற்கிறார். பக்கத்து ஃபிளாட்டில் எட்டை வாங்கியவர் உள்ளே போய்விட்டார். ஏழாம் தலைமுறை இயந்திரம் ஒன்றும் ஓய்ந்துவிடவில்லை. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் கடிதம், எக்ஸெல், யூடியூப், ஜூம் எல்லாம் இன்னும் தடையில்லாமல் ஓடும். நல்ல நிலையில் இருக்கும் பொருளைத் தூக்கிப்போடு என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரும். பலரை வேறு கம்பெனிப் பக்கம் தள்ளியது அந்தக் கோபம்தான் என்பது என் எண்ணம்.

மைக்ரோசாஃப்ட் ஒரு வருட அவகாசம் கொடுத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தொடர்ந்து வரும். அதற்கு 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணமில்லாமலே கிடைக்கும். இந்த வசதி இருப்பதே தெரியாமல் அவசரப்பட்டுப் புது லேப்டாப்புக்கு இஎம்ஐ கட்ட ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர்.

ஃபேன் இல்லாத பெட்டி

இரண்டாம் காரணம் ஆப்பிள். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பை அறிவித்தது. அதற்கு முன்பு பதினான்கு, பதினைந்து வருடம் மேக்கிலும் இன்டெல் சிப்தான் இருந்தது. சூடும் அதே சூடு, பேட்டரியும் அதே பேட்டரி. விலை மட்டும் இரண்டு மடங்கு. எம்1 வந்தபின் கதை மாறியது. மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. எடை சுமார் ஒன்றேகால் கிலோ. காலையில் முழுசாக சார்ஜ் போட்டு எடுத்துப் போனால் சாயங்காலம் வரை சார்ஜரைத் தேட வேண்டியதில்லை.

விளம்பரத்தில் படித்தால் இது சாதாரணமாகத் தோன்றும். காலை எட்டு மணிக்கு தாணே ஸ்டேஷனில் ஐரோலி, கண்சோலி பக்கம் போகும் டிரான்ஸ்ஹார்பர் வண்டியில் ஏறிப் பார்த்தால் தெரியும், ஒரு கிலோ குறைந்தால் தோளுக்கு எவ்வளவு நிம்மதி என்று. பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, டிபன் டப்பா நசுங்காமல், சார்ஜர் செங்கல் இல்லாமல் நிற்க முடிவதே ஒரு வரம். கோட்பந்தர் ரோட்டுப் பக்கம் இன்னொரு பாடு. வடாலாவிலிருந்து காசர்வடவலி வரை போகும் மெட்ரோ 4 வேலை வருடக்கணக்கில் நடந்தது. அந்தச் சாலையோரக் கட்டடங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேஜை மேல் சிமென்ட் படியும். லேப்டாப்பின் ஃபேன் அதைத்தான் உள்ளே இழுக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை ஈரம் அந்தத் தூசியோடு சேர்ந்து உள்ளேயே அப்பிக்கொள்ளும். வருடா வருடம் 'ரொம்ப ஹீட் ஆகுது, ஹேங் ஆகுது' என்று சர்வீஸுக்குப் போகும் லேப்டாப்புகளில் பலவற்றுக்கு நோய் இதுதான். ஃபேன் இல்லாத பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவதாக, கைபேசி வழியாக வந்த பழக்கம். 2019 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராகிறது. இஎம்ஐ புண்ணியத்தில் அது நடுத்தர வீடுகளுக்குள் வந்துவிட்டது. போனில் எடுத்த படம் மேக்கில் தானாக வந்து நிற்பதை ஒருமுறை பார்த்த பிள்ளைகள் அடுத்து என்ன கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 18-ல் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இந்தியாவில் ஆப்பிளின் முதல் சொந்தக் கடையை அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகி டிம் குக் நேரில் வந்து திறந்து வைத்தார். அங்கே வைத்திருக்கும் பொருளை யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம் என்றானது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால், ஒரு பைசா செலவழிக்காமல் அரை மணி நேரம் மேக்கில் டைப் அடித்துவிட்டு வரும் குடும்பங்களைப் பார்க்கலாம்.

விலையைப் பேசாமல் இருக்க முடியாது. எம்1 மேக்புக் ஏர் இந்தியாவுக்கு வந்தபோது ₹92,900. பிற்பாடு ஆன்லைன் திருவிழா விற்பனைகளில் அதே மாடல் அறுபதாயிரத்துக்குக் கீழே இறங்கியது. அப்போதுதான் முதன்முறையாக ஒரு நல்ல விண்டோஸ் லேப்டாப்பும் மேக்கும் ஒரே விலையில் எதிரெதிரே நின்றன. 2025 மார்ச்சில் எம்4 ஏர் வந்தபோது ₹99,900; மாணவர் என்றால் பத்தாயிரம் குறைவு. 16 ஜிபி ராம், ஆனால் சேமிப்பு இடம் வெறும் 256 ஜிபி. ஒரு கல்யாண வீடியோவும் இரண்டு வருடப் போட்டோவும் சேர்ந்தால் அது நிரம்பிவிடும். ராமையோ எஸ்எஸ்டியையோ பிறகு கூட்டவும் முடியாது. எல்லாம் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டவை. லேமிங்டன் ரோட்டின் எந்தக் கெட்டிக்காரரிடம் கொண்டுபோனாலும் கையை விரித்துவிடுவார். வாரண்டி முடிந்தபின் ஸ்கிரீன் உடைந்தாலோ காபி கொட்டினாலோ வரும் பில்லில் ஒரு புது விண்டோஸ் லேப்டாப்பே வாங்கிவிடலாம். ஏழெட்டு வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு மேக் கட்டுப்படியாகும். இரண்டு சின்னப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும் வீட்டில், சாப்பாட்டு மேஜை மேல் வைக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

'மேக்குக்கு வைரஸே வராது' என்று கடையில் சொன்னால் நம்பவும் வேண்டாம். வரும். விண்டோஸைவிடக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் வருடா வருடம் ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டுவது, கிராக் போட்ட விண்டோஸில் எதைத் திறந்தால் எது வருமோ என்று பயப்படுவது, இந்த இரண்டும் பழகிப்போன வீடுகளுக்கு அந்த வித்தியாசமே பெரிய நிம்மதி. பயந்து பயந்து ஒரு பொருளைப் பயன்படுத்துவது ஒருவகை வரி கட்டுவதுதான், பல வருடமாக நாம் கட்டிவந்த வரி.

டேலியும் டோக்கனும்

இனி, மாற முடியாமல் நிற்கிறவர்கள். மாட்டுங்காவிலும் சயானிலும் கணக்கு எழுதிப் பிழைக்கும் தமிழர்கள் கணிசமானவர்கள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், நாலைந்து கடைகளுக்கு வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி போடுகிறவர்கள், ஓய்வுக்குப் பிறகு ஹவுஸிங் சொசைட்டி கணக்கு பார்க்கிறவர்கள். இவர்களுக்கு மேக் எவ்வளவு பிடித்தாலும் டேலி என்ற கணக்கு மென்பொருள் விடாது. டேலி ப்ரைம் விண்டோஸில் மட்டும்தான் நேரடியாக ஓடும். பழைய இன்டெல் மேக்கில் 'பூட் கேம்ப்' மூலம் விண்டோஸையே போட்டுக்கொள்ள வழி இருந்தது. ஆப்பிள் சிப் மேக்கில் அந்தக் கதவு மூடிவிட்டது. பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்கு வருடாந்தரப் பணம் கட்டி, மேக்குக்குள் ஒரு விண்டோஸை ஓடவிட வேண்டும். அதற்குள் டேலியை ஓட்டுவது மாடி ஏற லிஃப்ட்டுக்குள் ஏணி வைப்பது போன்ற வேலை.

அடுத்து டிஎஸ்சி. டிஜிட்டல் கையெழுத்தை வைத்திருக்கும் அந்தச் சின்ன யுஎஸ்பி டோக்கன். கம்பெனிச் சட்டத் தாக்கல், டெண்டர், சில ஜிஎஸ்டி வேலைகள் எல்லாவற்றுக்கும் அதைச் செருகி பின் நம்பர் போட வேண்டும். மேக்குக்கும் டிரைவர் தருகிறார்கள். ஆனால் கடைசித் தேதி அன்று இரவு பதினோரு மணிக்கு டோக்கனைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணவில்லை என்றால், உதவிக்கு வரும் ஆளுக்குத் தெரிந்தது விண்டோஸ்தான். வரித் தொழிலில் இருக்கிறவர்கள் விண்டோஸை விடாததற்கு இது ஒன்றே போதும். அதைப் பழமைவாதம் என்று யாரும் சொல்லக் கூடாது.

கேனன் எல்பிபி 2900 பிரின்டரையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் அது இல்லாத ஜெராக்ஸ் கடை, வக்கீல் ஆபீஸ், ட்யூஷன் சென்டர் அபூர்வம். பதினைந்து வருடமானாலும் சாகாது. டோனரை நிரப்பி நிரப்பி ஓட்டலாம். அதைப் புது மேக்கிலோ லினக்ஸிலோ ஓடவைப்பது பெரும்பாடு. லட்ச ரூபாய்க்கு லேப்டாப் மாற்றிவிட்டு, நன்றாக ஓடும் பிரின்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று தெரியவரும்போது வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தாத்தாவின் தமிழ் எங்கே போகும்?

எனக்கு இந்த விஷயத்தில் அதிக அக்கறை தமிழ் எழுதுகிறவர்கள் மேல்தான். தாணே வர்த்தக் நகரில் ஒரு வீட்டில் கண்ட காட்சி. பேத்தி கல்லூரிக்குப் போகிறாள், மேக் வேண்டும் என்கிறாள். வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுதான், தாத்தாவும் அதில்தான் தமிழ் அடிக்கிறார். என்எச்எம் ரைட்டர் பழகிய கை. சங்கத்து அறிக்கை, கோயில் திருவிழா நோட்டீஸ், ஊருக்கு எழுதும் கடிதம் எல்லாம் அதில்தான்.

"அது வந்தா என் தமிழ் என்னம்மா ஆகும்?"

"தாத்தா, அதுலயே இருக்கு. தனியா எதுவும் போட வேண்டாம். நீங்க உக்காருங்க, காட்டறேன்."

அவள் சொன்னது சரி. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸஸ் என்று போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்தால் 'அஞ்சல்', 'தமிழ்99' இரண்டும் அங்கேயே இருக்கின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தந்தவர். மேக்கோடு சேர்ந்து வரும் 'இணைமதி' எழுத்துருவும் அவர் கைவண்ணம். ஆங்கில ஒலிப்பு முறையில் 'அம்மா' அடித்துப் பழகிய கைக்கு அஞ்சல் கிட்டத்தட்ட அதே பழக்கம்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி கிடைக்கிறது. ஒரே முறையைக் கற்றுக்கொண்டு எந்தக் கம்பெனிக்கும் போகலாம் என்ற சுதந்திரம் தமிழுக்கு இருபத்தைந்து வருடம் முன்பே வந்துவிட்டது. நம்மில் பலர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

சிக்கல் இருப்பது பழைய கோப்புகளில். யூனிகோடுக்கு முன்னால் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தோம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பேஜ்மேக்கரில் செய்த மலர்கள், அழைப்பிதழ்கள் இன்னும் மோசம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, அது வந்தது 2001-ல். அடோபி அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனாலும் மும்பையின் தமிழ் டிடிபி ஆட்கள் பலர் ஒரு பழைய விண்டோஸ் பெட்டியைப் பாதுகாத்து வைத்து இன்றும் அதில்தான் பத்திரிகை அடிக்கிறார்கள். அந்தப் பெட்டி ஒருநாள் கண் மூடினால், தாராவியிலும் செம்பூரிலும் இருக்கும் எத்தனையோ தமிழ்ச் சங்கங்களின் முப்பது வருடச் சரித்திரம் படிக்க முடியாமல் போகும். எந்தக் கம்பெனிக்கு மாறுவதாக இருந்தாலும், மாறுவதற்கு முன்னால் இந்தக் கோப்புகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்து வையுங்கள். கன்வெர்ட்டரும் விண்டோஸில்தான் ஓடும். ஆகவே பழைய கம்ப்யூட்டரை விற்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை இது.

மூன்றாவது வழி

லட்ச ரூபாயும் இல்லை, விண்டோஸ் 11-ம் ஓடாது. தாராவியின் பத்துக்குப் பதினைந்து அறைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இந்த ரகம். அண்ணனிடமிருந்து தம்பிக்கு, ஆபீஸில் கழித்துக் கட்டியது, திருநெல்வேலியிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்த தமிழக அரசின் இலவச மடிக்கணினி. இவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக, கட்டணமில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போடும் வழி இருக்கிறது. தமிழர்களுக்கு அது அந்நியமும் அல்ல. உமாசங்கர் ஐஏஎஸ் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் சூசே லினக்ஸ் பக்கம் திருப்பினார். 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்தபோது, தமிழக அரசு தன் துறைகளுக்கு பாஸ் லினக்ஸைப் பரிந்துரைத்தது. சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. கேரளப் பள்ளிகள் இருபது வருடமாக லினக்ஸிலேயே கற்றுத் தருகின்றன. பாதுகாப்பு அமைச்சகமே உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'மாயா'வுக்கு மாறுவதாக 2023-ல் செய்தி வந்தது.

தமிழ்நாட்டில் அந்த முயற்சி ஏன் நிலைக்கவில்லை என்பதும் நமக்குப் பாடம். மேலிருந்து ஓர் அதிகாரி சொன்னபோது மாறினார்கள். அவர் போனதும் பழைய பழக்கம் திரும்பியது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சிக்கும் அதுதான் நடந்தது. 2003-ல் லினக்ஸுக்கு முடிவெடுத்தவர்கள் 2017-ல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தார்கள். இப்போது நடப்பது கீழிருந்து வரும் மாற்றம். விண்டோஸ் 10 விடைபெற்ற அதே நாளில் 'ஜோரின் 18' என்ற லினக்ஸ் வெளியானது. சுமார் ஐந்து வாரத்தில் பத்து லட்சம் பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து இறக்கியவை என்கிறார்கள் அதைத் தயாரித்தவர்கள். தோற்றம் விண்டோஸ் போலவே இருக்கும். ஸ்டார்ட் பட்டன் இருக்கிற இடத்தில் இருக்கும்.

"அண்ணாச்சி, இதுல ரயில் டிக்கெட் போடலாமா?" தாராவி கிராஸ் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இது. போடலாம். ஐஆர்சிடிசி, பேங்க், யூடியூப், கூகுள் கிளாஸ்ரூம் எல்லாம் ப்ரௌசரில் ஓடுபவை. கீழே இருப்பது விண்டோஸா லினக்ஸா என்று அவற்றுக்குக் கவலையில்லை. கடிதத்துக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. டேலி ஓடாது, ஃபோட்டோஷாப் ஓடாது, சில விளையாட்டுகள் ஓடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்கு மேல் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இந்த வழியை நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதுவும் தாராவியில்தான் இருக்கிறது. 13 காம்பவுண்டு. நகரத்தின் பிளாஸ்டிக் எல்லாம் வந்து சேரும் இடம். உடைந்த மானிட்டர் கூடுகளும் கீபோர்டுகளும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும். கையால் பிரித்து, தரம் பார்த்து, நொறுக்கி, கழுவிக் காயவைத்து, உருக்கிக் குருணையாக்குகிறார்கள். பலர் கையுறைகூட இல்லாமல் வேலை செய்கிறார்கள். விண்டோஸ் 10 நின்றுபோவதால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் நிறுவனம் 2023-லேயே கணித்தது. நம் ஊரில் 2023 ஏப்ரல் முதல் புதிய மின்கழிவு விதிகள் நடப்பில் இருக்கின்றன. பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று விதி சொல்கிறது. கழிக்கப்படும் பெட்டியோ பழைய பேப்பர்காரர் வழியாகத்தான் போகிறது. இன்னும் ஐந்து வருடம் உழைக்கக்கூடிய ஒரு ஐ5 அந்தக் குவியலில் விழுந்தால் அது அநியாயம்.

புதுசு வாங்கக் காத்திருந்தால் விலை குறையும் என்ற பழைய கணக்கும் இப்போது செல்லாது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் வீட்டு உபயோகக்காரர்களுக்கான 'க்ரூஷியல்' வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. லேமிங்டன் ரோட்டில் நம்பி வாங்கிய பெயர்களில் ஒன்று அது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வது முன்னைவிட இப்போது லாபம்.

ஆகவே என் யோசனை இதுதான். டேலி, டிஎஸ்சி பிழைப்பாக உள்ளவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். கம்ப்யூட்டரை மட்டும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ பார்த்து வாங்குங்கள், ரீஃபர்பிஷ்டு ஆனாலும் பரவாயில்லை. தினமும் ரயிலில் தூக்கிப் போகிறவர்கள், ஐபோன் வைத்திருப்பவர்கள், வீடியோ எடிட் செய்யும் பிள்ளைகள் தாராளமாக மேக்குக்குப் போகலாம். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை: பேஜஸ், நம்பர்ஸ் என்று ஆப்பிளின் சொந்த வடிவிலேயே எல்லாவற்றையும் சேமித்துவைத்தால், பத்து வருடம் கழித்து வேறு கம்பெனிக்குப் போக நினைக்கும்போது பேஜ்மேக்கர் கதை திரும்பவும் நடக்கும். செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும் இன்டெல் மேக்கைத் தொடவே வேண்டாம். 2025-ல் வந்த 'டஹோ' என்ற மேக் மென்பொருள்தான் அவற்றுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. மற்றவர்கள் லினக்ஸைப் பரீட்சித்துப் பார்க்கலாம். அதற்குப் பழைய விண்டோஸை அழிக்க வேண்டியதும் இல்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸைப் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓடவிடலாம். வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் பேசுகிறதா, தமிழ் வருகிறதா என்று ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டில் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்.